அடிதடிப் பையன்களை மட்டும் அனுப்பினார்கள்

வளரிளம் பருவத்தினரின் கோபம், எரிச்சல் பற்றி உளவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். தரவு சேகரிப்பு முடிந்துவிட்டது. இதே தலைப்பை எடுக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில், ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும்; 12 வயதைத் தாண்டிய பிள்ளையிடமும் எழுத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும். குழு என்னைக் குடைந்து கேட்டது வேறொன்று: "செத்துடலாம்னு இருக்கு" என்று ஒரு பிள்ளை சொன்னால் அன்றைக்கே என்ன செய்வீர்கள்? மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரிடம் பேசிவைத்து, அதை எழுதிக் கொடுத்த பிறகுதான் அனுமதி கிடைத்தது. கேட்க வேண்டிய கேள்விதான் அது. தீராத சிடுசிடுப்போடு வளரும் பிள்ளைகளுக்குப் பின்னாளில் மனச்சோர்வும் பதற்றமும் வரும் வாய்ப்பு அதிகம் என்று நீண்டகால ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

பள்ளிக்குப் போனதும், தலைப்பைக் கேட்ட ஆசிரியர்கள் அடிதடிக்குப் பேர்போன பையன்களைக் கூட்டி வந்து நிறுத்தினார்கள். அக்கறையோடுதான் செய்தார்கள். ஆனால் கையே ஓங்காமல் நாளெல்லாம் உள்ளுக்குள் பொருமுகிற பிள்ளை அந்த வரிசையில் வராது. தலைமையாசிரியரிடம் இதை விளக்கி, சம்மதம் கிடைத்த எல்லாப் பிள்ளைகளுக்கும் வினாத்தாள் கொடுத்தேன். வகுப்பில் ஆசிரியர் இல்லாத நேரமாகப் பார்த்துக் கொடுங்கள். விடைத்தாளைப் பிள்ளையே உறையில் போட்டு ஒட்டட்டும். அந்த உறையைக் கண்ட பிறகுதான் பலர் பேனாவையே எடுத்தார்கள்.

நான் பயன்படுத்தியது ஏ.ஆர்.ஐ. (Affective Reactivity Index), எரிச்சலை அளக்க ஸ்ட்ரிங்காரிஸ் என்ற ஆய்வாளரின் குழுவினர் 2012-ல் வெளியிட்ட அளவுகோல். கடந்த 6 மாதங்களைப் பற்றி 7 வரிகள். அடிதடி பற்றி ஒன்றுகூட இல்லை. முதல் ஆறுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண், கூட்டினால் அதிகபட்சம் 12. ஏழாவது வரி, எரிச்சலால் வாழ்க்கையில் தொல்லை உண்டா என்று தனியாகக் கேட்கும். பிள்ளைக்கு ஒரு தாள், பெற்றோருக்கு ஒரு தாள்.

இரண்டும் பல வீடுகளில் ஒத்துப்போகவில்லை. "எம் பொண்ணுக்குக் கோபமே வராதும்மா" என்றார் ஒரு தாய். மகளின் தாளில் ஏறக்குறைய முழு மதிப்பெண். பிறகு பேசியபோது அந்தப் பெண் சொன்னாள்: "வீட்ல யார்கிட்ட மிஸ் கோபப்பட முடியும்?"

இரண்டையும் கூட்டிச் சராசரி எடுக்கச் சிலர் யோசனை சொன்னார்கள். நான் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் அவள் நடுத்தரமான ஒரு எண்ணாகக் கரைந்திருப்பாள். ஆய்வேட்டில் தாயின் மதிப்பெண்ணும் மகளின் மதிப்பெண்ணும் தனித்தனி அட்டவணையில் இருக்கின்றன.