மூக்கில் ஸ்ட்ரா

"அப்பா, இந்த ப்ளேனுக்கு ஏன் மூக்குல ஸ்ட்ரா?"

மகள் நீட்டிய படத்தில் ரஃபேல் போர் விமானம். நல்ல கண்தான். விமானி அறைக்கு முன்னால், சற்றே வலது பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் அந்தக் குழாயை இத்தனை நாள் நான் கவனித்ததே இல்லை.

ஸ்ட்ராவேதான் என்றேன். பறந்துகொண்டே இன்னொரு விமானத்திடமிருந்து எரிபொருள் குடிக்கும். 2020 ஜூலையில் இந்தியா வாங்கிய ரஃபேல்களில் முதல் 5 பிரான்சிலிருந்து ஹரியானாவின் அம்பாலா விமானப்படைத் தளத்துக்கு வந்தபோதும் வழியில் அப்படிக் குடித்துத்தான் வந்தன.

அப்புறம் உற்சாகம் வந்துவிட்டது. பிரெஞ்சில் ரஃபேல் என்றால் திடீரென்று வீசும் காற்று. 2 எஞ்சின். முன்பக்கம் ஒரு ஜோடி குட்டிச் சிறகு, சட்டென்று திரும்ப. வேவு பார்க்க, எதிரி விமானத்தை விரட்ட, குண்டு போட, எல்லாவற்றுக்கும் இது ஒன்றே. வெறும் எடை 10 டன் சொச்சம். கிட்டத்தட்ட அதே அளவு சுமக்கவும் செய்யும். எறும்பு மாதிரி!

"குண்டை யார் மேல போடும்?"

இருமினேன். தண்ணீர் குடித்தேன். எஞ்சினைச் சொல்வது எவ்வளவு சுலபம்.

நல்லவேளை, அவள் காத்திருக்கவில்லை. ஸ்ட்ராவின் முனையில் ஓர் இளநீர் வரைந்துகொண்டிருந்தாள்.