எடோஷா போறீங்களா, முதல்ல தண்ணி எங்கன்னு பாருங்க

நமீபியா போய்ட்டு வந்ததுலேர்ந்து பார்க்கறவங்க எல்லாம் அங்க இருக்கற எடோஷா வனவிலங்குப் பூங்காவுக்கு எப்படி பிளான் பண்ணீங்க, கைடு வச்சீங்களா, சிங்கம் பார்த்தீங்களான்னு ஒரே கேள்வி, தனித்தனியா சொல்லி மாளல, அதான் எழுதிடறேன். கைடு எல்லாம் வேணாங்க, அங்க பாதிப்பேர் சொந்தமா வண்டி ஓட்டிட்டுதான் சுத்தறாங்க. நம்மள மாதிரியே இடது பக்கம் ஓட்டற நாடு, இன்டர்நேஷனல் பெர்மிட் மட்டும் இங்கயே வாங்கிட்டுப் போயிடுங்க.

மேப்ப எடுத்துப் பாருங்க. பூங்கா 22,000 சதுர கிலோமீட்டருக்கு மேல, அதுல கிட்டத்தட்ட 4,800 வெறும் உப்புத் தரை, நீளம் மட்டும் 130 கிலோமீட்டர் வரும். அதுக்குள்ள வண்டி விட முடியாது, விடவும் கூடாது. மழை நல்லா பெஞ்ச வருஷம் வடக்கேர்ந்து எகூமா, ஓஷிகாம்போ ஆத்துத் தண்ணி வந்து கொஞ்ச நாள் நிக்கும், அதுவும் உப்பாயிடும். குடிக்கற தண்ணி இருக்கறது தெக்கு ஓரமா வர்ற ஊத்துகள்லயும் போர் போட்டு விட்ட குட்டைகள்லயும்தான். ரோடும் அந்த ஓரமாவேதான் போகுது. மழையே இல்லாத காஞ்ச மாசத்துல மிருகம் எங்க சுத்தினாலும் அங்க வந்துதான ஆகணும், நாம எதுக்கு தேடிட்டு அலையணும்? பிளான் மொத்தமும் இந்த ஒரு விஷயத்தை வச்சு போட்டா போதும்.

அதனால ஜூன்லேர்ந்து அக்டோபருக்குள்ள போங்க. நாங்க ஜூலை. பகல்ல டீ-ஷர்ட், ராத்திரி ஸ்வெட்டர் மேல ஸ்வெட்டர், ஆப்பிரிக்கான்னா வெயில்தானேன்னு யாரும் கிளம்பிடாதீங்க.

அடுத்து தங்கற இடம், இதுல மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீங்க. கேட்டுக்கு வெளிய லாட்ஜ் வசதியா இருக்கும், சிலது விலையும் கம்மி, ஆனா சூரியன் உதிச்சாதான் கேட் திறப்பான், மறைஞ்சா மூடிடுவான். உள்ள ஒக்காகுயோ, ஹலாலி, நமுட்டோனின்னு கேம்ப் இருக்கு, அரசாங்கத்து கேம்ப், ரூம் சுமார்தான், சாப்பாடு அதை விட சுமார். இருந்தாலும் ஒக்காகுயோல கேம்ப் சுவத்துக்கு அந்தப் பக்கமே குட்டை, ராத்திரி பூரா லைட் போட்டு வச்சிருக்காங்க, பெஞ்ச்ல போர்வைய போத்திட்டு உக்காந்துட்டா போதும். கருப்பு காண்டாமிருகம் குட்டியோட வந்து உறிஞ்சி குடிக்கற சத்தம் நம்ம காதுல விழுது, அத்தனை பேர் உக்காந்திருக்கோம், ஒரு இருமல் கூட இல்ல. ரூமுக்குக் குடுத்த காசெல்லாம் அங்கயே வசூலாயிடுச்சு. மாசக்கணக்கா முன்னாடியே புக் பண்ணிடுங்க.

தலைநகர் வின்ட்ஹோக்லேர்ந்து ஒக்காகுயோ சுமார் 435 கிலோமீட்டர், நல்ல தார் ரோடு. ஔட்ஜோன்னு ஒரு சின்ன ஊர் வரும், அங்க டேங்க்க ஃபுல் பண்ணிட்டு அரிசி, காய், தண்ணி எல்லாம் வாங்கிடுங்க, கேம்ப் கடையை நம்பாதீங்க. கைல தென்னாப்பிரிக்கா காசு ரேண்ட் இருந்தாலே போதும், நமீபியா டாலரும் அதுவும் ஒரே மதிப்பு, கடையில வாங்கிக்கறாங்க. பூங்காவுக்குள்ள பெரும்பாலும் சரளை ரோடு, 60க்கு மேல போகக்கூடாது, கேம்பையும் வேலி போட்ட ரெஸ்ட் ஸ்டாப்பையும் விட்டா வேற எங்கயும் வண்டிய விட்டு இறங்கக்கூடாது. அதனால காலைல தண்ணி, டீ குடிக்கறதுலயே கொஞ்சம் கணக்கா இருங்க, புரியும்னு நினைக்கறேன்.

மச்சானுக்குத்தான் பொறுமை இல்ல. ஒரு குட்டைல நிறுத்தி எஞ்சினை ஆஃப் பண்ணி கால் மணி நேரம் கூட ஆகல, "அத்தான், ஒண்ணுமே இல்லியே, அடுத்ததுக்குப் போலாமா?"ன்னான். அதுக்கு வீட்டம்மா, "சும்மா இருடா, அங்க பாரு"ன்னா. ஒட்டகச்சிவிங்கி ஒண்ணு கரைக்கு வந்து நிக்குது, குடிக்கல, இந்தப்பக்கம் பார்க்குது அந்தப்பக்கம் பார்க்குது, முன்னங்காலை கொஞ்சமா அகட்டுது, திரும்ப சேர்த்துக்குது, திரும்ப அகட்டுது, கடைசியா தலைய கீழ கொண்டு போச்சு பாருங்க, பின்னாடி ஒரு வரிக்குதிரை தும்மினதுல விலுக்குன்னு நிமிந்து முதல்லேர்ந்து ஆரம்பிச்சுது. அப்புறம் யானைக் கூட்டம், அந்த ஊர் மண்ணு பூசி சுண்ணாம்பு அடிச்ச சுவராட்டம் வெள்ளையா. வந்ததும் மத்ததெல்லாம் ஒதுங்கி நிக்குது. மச்சான் அதுக்கப்புறம் வாயே திறக்கல.

சிங்கமும் பார்த்தோம், தூங்கிட்டு இருந்துச்சு.

2025 செப்டம்பர்ல பெரிய தீ பிடிச்சு பூங்காவுல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு எரிஞ்சு போச்சு, அதனால கிளம்பறதுக்கு முன்னாடி எந்தப் பக்கம் எப்படி இருக்குன்னு ஒரு தடவை விசாரிச்சுக்கோங்க. அப்புறம் பார்பிக்யூ போட வாங்கின பச்சைக் கறி மிச்சம் இருந்தா உள்ளயே சுட்டுத் தின்னுடுங்க, கோமாரி நோய் பயத்துல தெக்க போற கேட்ல வண்டிய திறந்து பார்த்து எடுத்துடுவாங்க.

வீட்டம்மாவுக்கு இப்ப ஃபிளமிங்கோ பார்க்கணுமாம், அதுக்கு மழைக்காலத்துல நமுட்டோனி பக்கம் ஃபிஷர்ஸ் பேன்ங்கற உப்புத் தரைக்குப் போகணும், அப்ப மிருகமெல்லாம் சிதறிடும், மலேரியா மாத்திரை வேற போடணும். பேச்சுவார்த்தை நடந்துட்டு இருக்கு.