2023இல் நான் காத்திருக்கும் படங்கள்

பொங்கலுக்கு ‘வாரிசு’, ‘துணிவு’ இரண்டும் மோதவிருக்கின்றன; கட்அவுட்டுக்குப் பாலூற்றும் அமர்க்களம் ஓய்ந்தபின் அவற்றைப் பார்த்துக்கொள்கிறேன். என் ஆவல் முழுவதும் வெற்றிமாறனின் ‘விடுதலை’ மீதுதான். ஜெயமோகனின் ‘துணைவன்’ சிறுகதையிலிருந்து பிறந்து, இரண்டு பாகங்களாக வளர்ந்துவிட்ட அப்படத்தில், ஐம்பது பரோட்டா பந்தயக் காட்சியால் நம்மையெல்லாம் சிரிக்கவைத்த சூரி, காவலர் வேடத்தில் கதைநாயகனாக நடிக்கிறார். வெற்றிமாறனுடன் இளையராஜா முதன்முறையாக இணைவதால், காட்டுக்குள் நகரும் காட்சிகளுக்கு அவருடைய வயலின்கள் என்ன செய்யும் என்று இப்போதே கற்பனை செய்யத் தொடங்கிவிட்டேன்.

ஏப்ரல் 28 அன்று ‘பொன்னியின் செல்வன்’ இரண்டாம் பாகம் வெளியாகிறது. கடம்பூர் மாளிகையில் ஆதித்த கரிகாலனின் முடிவை கல்கி இருளிலேயே விட்டுச்சென்றார். அந்த இடத்தை மணிரத்னம் எப்படி எடுத்திருப்பார் என்பதே என் கேள்வி. நாவலை முடித்த பிறகே தியேட்டருக்கு வருவேன் என்று அடம்பிடிக்கும் அப்பா, இன்னும் மூன்றாம் பாகத்தில்தான் இருக்கிறார்.