ஆபரேஷனுக்கு முன் ஒரு ஜெபம்

ஆபரேஷனுக்குப் போகிறவர்களைத் தயார்செய்து அனுப்புகிற வார்டில் பல வருஷமாக நர்சாக இருக்கிறேன். திருநெல்வேலிப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி. வளையலைக் கழற்றி, தாலியை வீட்டாரிடம் கொடுத்து, ட்ரிப்ஸ் போட்டு முடித்ததும் பலர் கேட்பது ஒன்றுதான்: “ஒரு ஜெபம் பண்ணிட்டு அனுப்புங்க சிஸ்டர்.” வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதைக் கேட்டாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

எனக்கு ஊர் இடையன்குடிப் பக்கம். 1841-இல் கால்டுவெல் வந்து தங்கி ஊழியம் செய்த இடம். எங்கள் சபைக் கோயிலில் ஐயரோ (குருவானவரை அப்படித்தான் சொல்வோம்) உபதேசியாரோ ஜெபம் சொல்வார். நாங்கள் ஜெபப் புத்தகத்தில் உள்ள மறுமொழியைச் சேர்ந்து சொல்வோம், கடைசியில் ஆமென். சொந்த வார்த்தையில் சத்தமாக ஜெபிக்கும் பழக்கம் எங்களில் பலருக்குக் கிடையாது. அதனால் விசுவாசம் குறைவு என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். வேதாகமத்தில் வருகிற அன்னாள், சீலோ ஆலயத்தில் உதடு மட்டும் அசைய ஜெபித்தாள். ஆசாரியன் ஏலி அவளைக் குடித்தவள் என்று நினைத்தார். ஆண்டவர் அவள் ஜெபத்தைக் கேட்டார்.

எனக்கு வழி காட்டியதும் அந்த ஜெபப் புத்தகம்தான். ஞாயிறுதோறும் வாசிக்கிற சுருக்க ஜெபத்தைக் கவனித்துப் பாருங்கள். தேவனைக் கூப்பிடுகிறது, அவர் எப்படிப்பட்டவர் என்று ஒரு வரி, பிறகு ஒரே ஒரு விண்ணப்பம், இயேசு கிறிஸ்துவின் மூலமாக ஆமென். அந்த ஒரு விண்ணப்பம் எது என்று தெரிந்துவிட்டால் மீதி தானாக வந்துவிடும்.

அதை நோயாளியிடமே கேட்பேன். “என்னத்த நெனச்சுப் பயப்படுதீய?” பதில் பெரும்பாலும் ஆபரேஷனாக இருக்காது. வீட்டில் தனியாக விட்டுவந்த மகள், கட்ட வேண்டிய குழுக்கடன். கையில் கட்டி எடுக்க வந்த ஒரு அக்கா, “விரலு மரத்துப்போச்சுன்னா பீடி சுத்த முடியாதே” என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “எங்களை உண்டாக்கின ஆண்டவரே, இந்த அக்காவுடைய விரல்களை நீர் அறிவீர். அவற்றின் பலத்தைக் காத்தருளும். இயேசுவின் நாமத்தில், ஆமென்” என்றேன். அவ்வளவுதான். தண்ணீரில் அமிழ்ந்துபோகையில் இயேசுவின் சீஷன் பேதுரு சொன்னதும் “ஆண்டவரே, என்னை இரட்சியும்” என்பது மட்டும்தானே.

ஜெபிக்கும்போது நான் கண்ணை மூடுவதில்லை. ட்ரிப்ஸையும் முகத்தையும் பார்க்க வேண்டும். “இப்பவே சுகம்” என்றும் சொல்ல மாட்டேன். ரிப்போர்ட்டைப் பார்த்தவள் நான். உள்ளே போகிறவர் அந்த வார்த்தையை நம்பிக்கொண்டு போவார். கூடவே இரும் என்று கேட்கலாம், வைத்தியரின் கைகளை நடத்தும் என்று கேட்கலாம்.

இந்துக்கள், முஸ்லிம்கள் என்றால் அவர்களாகக் கேட்டாலொழிய ஜெபிப்பதில்லை. கையில் ஊசியோடு நிற்கிற நர்சிடம் ‘வேண்டாம்’ என்று சொல்ல எவருக்கும் வாய் வராது. அந்தப் பயத்தை நான் பயன்படுத்தக் கூடாது.

டூட்டி மாறுகிற நேரத்து ஜெபத்தை இப்போது புதுப் பிள்ளைகளிடம் கொடுக்கிறோம். வாய் வராவிட்டால் சரி, இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபம் சொல்லட்டும், 23-ஆம் சங்கீதம் வாசிக்கட்டும் என்று விட்டுவிடுவோம். கொஞ்ச நாளில், ராத்திரி முழுக்கத் தூங்காமல் கிடந்த நோயாளி ஒருவரின் பெயரை ஆமெனுக்கு முன்னால் அவர்களாகவே சேர்த்துக்கொள்கிறார்கள்.