மாக்ஸ் பரோவும் எங்கள் கபடித் தம்பியும்

மார்கழிப் பனியைத் தவிர வேறு பனி அறியாத பாலக்கோட்டிலிருந்து ஒரு கனடா பனிச்சறுக்கு வீரரைப் பற்றி எழுதுகிறேன். மாக்ஸ் பரோ. 2018 பியாங்சாங் ஒலிம்பிக்கில் ஸ்னோபோர்டு ஸ்லோப்ஸ்டைலில் (பனிச்சரிவில் தடைகளையும் மேடுகளையும் தாண்டி ஒற்றைப் பலகையில் வித்தை காட்டும் போட்டி) வெள்ளி. அதே ஆண்டு டிசம்பரில் ஹாட்ஜ்கின் லிம்போமா என்று தெரிந்தது; நிணநீர் மண்டலத்தைத் தாக்கும் புற்றுநோய். சுமார் ஆறு மாதத்தில் 12 கீமோ. அது முடிந்த சில வாரங்களில், 2019 ஆகஸ்டில், நார்வேயில் நடந்த எக்ஸ் கேம்ஸ் என்ற சாகச விளையாட்டுப் போட்டியில் தங்கம். 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கிலும் தங்கம்.

பதக்கங்களைவிட அந்த ஆறு மாதம்தான் என்னை உலுக்குகிறது. கீமோ புற்றணுக்களோடு நல்ல அணுக்களையும் அடிக்கும். வெள்ளணுக்கள் குறையும், தசை கரையும், மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கும். எங்கள் வீட்டிலேயே பார்த்துவிட்டோம். என் சித்தி மகனுக்கும் அதே நோய். கபடியில் ரெய்டு போகிறவன். சிகிச்சை முடிந்து இப்போதுதான் மைதானத்தைச் சுற்றி நடக்கிறான்.

"உயிர் பிழைத்ததே போதாதா, இனி ஆட்டம் எதற்கு?" என்று கேட்கும் உறவுகளே, அக்கறையில்தான் சொல்கிறீர்கள், புரிகிறது. தயவுசெய்து அவன் காதுபடச் சொல்லாதீர்கள். எப்போது ஆடலாம் என்பதை மருத்துவர் சொல்லட்டும், ஆடுவதா என்பதை அவன் சொல்லட்டும்.

தம்பி, அவசரமே இல்லை. பொங்கல் போட்டிக்கு மாற்று ஆட்டக்காரர் பட்டியலில் உன் பெயரை எழுதச் சொல்லியிருக்கிறேன்.