பின்படிக் கதவும் சம்பளப் பிடித்தமும்

கும்பகோணத்தில் நான்கு தளங்கள் கொண்ட ஒரு ஜவுளிக்கடைக்குத் தீபாவளிக்கு முன்பாகப் பாதுகாப்புத் திட்டம் எழுதிக் கொடுத்தபோது, இரண்டாம் தளத்துப் பட்டுப் பிரிவின் பின்படிக் கதவை வியாபார நேரத்தில் எக்காரணம் கொண்டும் பூட்டக் கூடாது என்று எழுதினேன். இப்படி எழுதினால் முதலாளிகள் மறுப்பது வழக்கம், அதற்குப் பதில் சொல்லவும் பழகியிருக்கிறேன். ஆனால் அந்தக் கடையில் கதவைப் பூட்டச் சொல்லிக் கேட்டவர் முதலாளி அல்லர். அந்தப் பிரிவிலேயே பல ஆண்டுகளாக நின்று புடவை எடுத்துப் போடும் ஒரு விற்பனையாளர். தீப்பிடித்தால் அந்தக் கதவு வழியாக வெளியேற வேண்டியவர்களில் அவரும் ஒருவர்.

“சார், அந்தக் கதவுக்கு ஒரு பூட்டு போட்டுக் குடுத்துடுங்க. சாவி சூப்பர்வைசர்கிட்டயே இருக்கட்டும்” என்றார். அந்தத் தளத்தில் நெருப்போ புகையோ வந்தால் சாவி வைத்திருப்பவரைத் தேடிக்கொண்டிருக்க நேரமிருக்காது என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “தீ என்னைக்கோ ஒரு நாள் வரும், வராமலும் போகும். கணக்கு மாசாமாசம் வருதே சார்” என்றார். “அக்கா, கணக்கை அப்புறம் பேசித் தீத்துக்கலாம், உயிரை அப்படிப் பேச முடியாதுல்ல” என்றேன். “யார் பேசித் தீப்பாங்க?” என்று கேட்டார். அதற்குள் வாடிக்கையாளர்கள் வந்துவிட்டதால் திரும்பிப் போய்விட்டார். நான் பதில் சொல்லவில்லை.

அவர் கணக்கு என்றது கையிருப்புக் குறைவை. ஒரு பிரிவில் புடவை எண்ணிக்கை குறைந்தால் அந்தத் தொகையை அங்கே நிற்பவர்களின் சம்பளத்தில் பங்கு போட்டுப் பிடிக்கும் வழக்கம் அந்தக் கடையில் இருந்தது. பட்டுப் பிரிவில் ஒரே ஒரு திருபுவனம் புடவை போனாலும் அங்கே நிற்பவர்களின் வீட்டுச் செலவில் பெரிய துண்டு விழும். பருத்தி, சின்தெடிக் துணிகளில் மாட்டும், பணம் கட்டாமல் வாசலைத் தாண்டினால் ஒலியெழுப்ப வைக்கும் கெட்டியான திருட்டுத் தடுப்புப் பட்டையின் ஊசி பட்டில் துளை போட்டுவிடும் என்பதால் அதையும் அங்கே மாட்டுவதில்லை. எடுத்துப் போட்டதை மடிக்கும்போது எண்ணிப் பார்ப்பதுதான் காவல். கல்யாணத்துக்குத் துணி எடுக்க ஒரு குடும்பமே வந்து உட்கார்ந்து, ஆளுக்கொரு நிறம் கேட்டு, குவியலுக்கு மேல் குவியல் விழும்போது அந்த எண்ணிக்கை தவறுவது யாருடைய கவனக்குறைவும் அல்ல. முந்தைய ஆண்டு அந்தப் பின்படி வழியாகத்தான் சரக்கு சந்துக்குள் இறங்கியது என்று அந்தப் பிரிவில் எல்லாரும் நம்பினார்கள்.

இருந்தும் அந்தக் கதவை நான் விட்டுக்கொடுக்க முடியாது என்பதற்குக் காரணங்கள் உண்டு. அந்தக் கட்டடத்தின் நடுவே கீழ்த்தளத்திலிருந்து மேல்தளம் வரை அழகுக்காகத் திறந்துவிட்ட வெளி இருக்கிறது. கீழே ரெடிமேட் பிரிவில் பாலியஸ்டர் எரிந்தால் அதன் கரும்புகை அந்த வெளி வழியாகவும் முன்படி வழியாகவும் நெருப்புக்கு முன்பே மேலே ஏறிவிடும். முன்படி புகையால் நிறைந்த பிறகு பட்டுப் பிரிவில் இருப்பவர்களுக்கு மிஞ்சுவது பின்படி ஒன்றுதான். வெளியேறும் கதவு, உள்ளே இருப்பவர்கள் சாவியின்றித் திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்கிறது. விதியைக் கூட விடுவோம். தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கின்போது 1997 ஜூன் 7 அன்று யாகசாலைக் கீற்றுப் பந்தல் எரிந்து 40-க்கும் மேற்பட்டோர் இறந்ததையும், 2004 ஜனவரியில் திருவரங்கத்துத் திருமண மண்டபத்தில் மாப்பிள்ளை உட்படப் பலர் கருகியதையும், அதே ஆண்டு ஜூலை 16 அன்று இதே கும்பகோணத்தில் பள்ளிக் கீற்றுக் கூரை பற்றி 94 குழந்தைகள் இறந்ததையும் அறிந்த ஊர்க்காரன் நான். அந்தப் பள்ளியின் குறுகலான படிக்கட்டைப் பற்றிப் பேசாதவர்கள் இங்கே கிடையாது. 2017 மே 31 அன்று சென்னை தியாகராய நகரில் ஏழு மாடி ஜவுளிக்கடை ஒன்று ஒரு நாளுக்கும் மேலாக எரிந்து, பாதி இடிந்து, பிறகு முழுவதையும் இடிக்க வேண்டியதாயிற்று. அது விடியற்காலையில் பற்றியதால் உள்ளே வாடிக்கையாளர்கள் இல்லை. தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு மாலையில் பற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை ஜவுளிக்கடைத் திட்டம் எழுதுகிற எவரும் நினைக்காமல் இருக்க முடியாது.

பூட்டுக்கும் திறப்புக்கும் நடுவே வழி தேடாமலும் இல்லை. சாவியைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் கதவருகே மாட்டலாம் என்றார் சூப்பர்வைசர். புகையில் கண் தெரியாமல், பின்னாலிருந்து கூட்டம் நெருக்கும்போது கண்ணாடியை உடைத்துச் சாவியைத் துளையில் நுழைக்க எத்தனை பேரால் முடியும்? தீ எச்சரிக்கை ஒலித்தால் தானே விடுபடும் மின்காந்தப் பூட்டு நல்ல வழிதான், ஆனால் மின்சாரம் போனாலும் அது விடுபட்டாக வேண்டும். நம் ஊர் மின்வெட்டில் ஜெனரேட்டர் எடுக்கும் வரை கதவு திறந்துதான் கிடக்கும் என்று பட்டுப் பிரிவினரே அதை வேண்டாம் என்றார்கள். கடைசியில், தள்ளினால் திறக்கும் குறுக்குக் கம்பியும், திறந்தவுடன் அலறும் மணியும், கதவைப் பார்க்கும் ஒரு கேமராவும், கீழே சந்துக்குள் படி இறங்கும் இடத்தில் ஒரு காவலாளியும் என்று முடிவு செய்தேன். படியில் அடுக்கியிருந்த அட்டைப் பெட்டிகளை எல்லாம் இறக்கச் செய்தேன்.

அதோடு நிற்காமல் முதலாளியிடம் பிடித்தத்தைப் பற்றியும் பேசினேன். 1936ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டத்திலிருந்தே வரும் விதி ஒன்று உண்டு: ஒருவர் பொறுப்பில் குறிப்பாக ஒப்படைத்த பொருள் அவருடைய கவனக்குறைவால் நேரடியாகத் தொலைந்திருந்தால்தான் அதற்காகப் பிடிக்கலாம், அதுவும் அவருக்கு விளக்கம் சொல்ல வாய்ப்பளித்த பிறகுதான். எல்லாருக்குமாகப் பங்கு போடுவது அதற்குள் வராது. அவர் கோபப்படவில்லை. “தம்பி, கதவு உங்க பொறுப்பு. சம்பளம் என் பொறுப்பு. நீங்க சொன்ன கதவை நான் போட்டுட்டேன்ல?” என்றார். போட்டிருந்தார், செலவைப் பார்க்காமல் போட்டிருந்தார். அதற்கு மேல் வற்புறுத்தினால் கதவையும் மறு யோசனைக்கு எடுத்துக்கொள்வாரோ என்று எனக்குத் தோன்றியது.

அந்த ஆண்டு மேட்டூர் அணை ஜூன் 12-லேயே திறந்து குறுவையும் கைகூடியிருந்ததால், அறுத்த பணத்தோடு சுற்றுக் கிராமங்களிலிருந்து வேன் வைத்துக்கொண்டு வந்தார்கள். கூட்டம் எதிர்பார்த்ததை விட அதிகம். பின்படி மணி பலமுறை அலறியது. ஒவ்வொரு முறையும் யாரோ ஒரு குழந்தை கம்பியைத் தள்ளியிருந்தது. தீ எதுவும் வரவில்லை. பண்டிகை முடிந்து எண்ணியபோது பட்டுப் பிரிவில் சரக்கு குறைந்திருந்தது. கேமராப் பதிவை நானே உட்கார்ந்து பார்த்தேன். அந்தக் கதவு வழியாக யாரும் புடவையோடு போகவில்லை. முன்வாசல் வழியாகப் போயிருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். அடுத்த மாதச் சம்பளத்தில் வழக்கம்போலப் பிடித்தார்கள்.

கதவு காரணமல்ல என்று பதிவு காட்டிவிட்டதால் என் திட்டத்தில் தவறில்லை என்று சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை உண்டு, பல நாள் சொல்லியும் இருக்கிறேன். ஆனால் அவர் கேட்டது அந்தக் கதவை மட்டும் பற்றியதல்ல. என்றோ வரக்கூடிய பெரிய ஆபத்திலிருந்து அவரைக் காக்க, மாதந்தோறும் வருகிற சிறிய ஆபத்தை அவர் மேலேயே விட்டுவைத்தேன் என்பது அவர் பக்கத்து நியாயம். பூட்டினால் இரண்டாவது குறைந்திருக்குமா? பதிவைப் பார்த்தால் இல்லை. ஆனாலும் பூட்டு இருந்திருந்தால் தன்னால் ஆனதைச் செய்தோம் என்ற நிம்மதியாவது அவருக்கு இருந்திருக்கும், அதை நான் எடுத்துவிட்டேன் என்று சில சமயம் நினைக்கிறேன். மறுபடியும் அதே இடத்தில் நின்றால் அதே கதவைத்தான் எழுதுவேன் என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. இரண்டும் ஒன்றாக எப்படி உண்மையாக இருக்கின்றன என்பதுதான் பிடிபடவில்லை.

இந்த ஆண்டுத் திட்டத்தில், பட்டுப் பிரிவில் ஒவ்வொரு நாளும் இருவர் சேர்ந்து எண்ணிக் கையெழுத்திட வேண்டும், குறைவு கண்ட அன்றே பதிவைப் பார்க்க வேண்டும், யாருடைய தவறு என்று தெரியாத குறைவைக் கடையின் நட்டமாகவே எழுத வேண்டும் என்று ஒரு பகுதி சேர்த்திருக்கிறேன். பாதுகாப்புத் திட்டத்தில் சம்பளத்துக்கு என்ன வேலை என்று முதலாளி கேட்டார். வெளியேறும் கதவைப் பூட்டும்படி ஊழியர்களையே கேட்க வைப்பது எதுவோ அது பாதுகாப்பு விஷயந்தான் என்றேன். முதல் இரண்டை ஒப்புக்கொண்டார். மூன்றாவதைப் பற்றிப் பண்டிகைக்குப் பிறகு பேசலாம் என்றிருக்கிறார்.