கேப்டன் ப்ளட் படமும் எங்க அப்பாயியும்

போன வாரம் நீலகிரியில எங்க பந்தலூர் பக்கம் விடாத மழை. தேயிலைக் கொழுந்து பறிக்கப் போனவங்க எல்லாம் மத்தியானத்துலயே நனைஞ்சுபோய் திரும்பிட்டாங்க, லீவுக்கு வீட்டுக்கு வந்த எனக்கும் வெளிய போக வழியில்ல. சரி ரொம்ப நாளா பாக்கணும்னு நெனச்ச படத்தை பாத்துடலாம்னு லேப்டாப்ல கேப்டன் ப்ளட் போட்டேன். அப்பாயி வெத்தலை உரலை எடுத்துக்கிட்டு பக்கத்துல வந்து உக்காந்துச்சு. அதுக்கு இங்கிலீஷ் தெரியாது, அதனால நான் காட்சிக்கு காட்சி கதை சொல்லிட்டே வந்தேன்.

1935ல வார்னர் பிரதர்ஸ் எடுத்த கருப்பு வெள்ளை படம், கடற்கொள்ளைக்காரன் ஆகுற ஒரு டாக்டரோட கதை. ரஃபேல் சபாட்டினி 1922ல எழுதுன நாவல்தான் கதை, டைரக்டர் மைக்கேல் கர்டிஸ். இந்தப் படத்தைப் பத்தி பேசுற எல்லாரும் கடற்கரையில ஹீரோ எரால் ஃப்ளின்னும் பேசில் ராத்போனும் போடுற கத்திச்சண்டையத்தான் சொல்வாங்க. அது அருமையான சண்டைதான், ஆனா என்னைக் கேட்டா இந்தப் படத்தோட உயிர் ஹீரோ கொள்ளைக்காரனா கப்பல்ல ஏறுறதுக்கு முன்னாடி வர்ற பாதியிலதான் இருக்கு. அது கொள்ளைக்காரன் கதையே இல்ல, ஒரு தோட்டத்தோட கதை.

1685ல இங்கிலாந்துல ராஜா ரெண்டாம் ஜேம்ஸை எதிர்த்து மான்மத் பிரபுவோட ஆளுங்க கலகம் பண்றாங்க. பீட்டர் ப்ளட் ஒரு டாக்டர், அவனுக்கும் கலகத்துக்கும் சம்பந்தமே இல்ல, ராத்திரி யாரோ வந்து கதவைத் தட்டி அடிபட்டுக் கிடக்கான் வாங்கன்னு கூப்பிட்டதும் போய் காயத்துக்கு மருந்து போடுறான், அவ்ளோதான், அங்கயே சிப்பாய்ங்க புடிச்சு ராஜதுரோகின்னு கோர்ட்ல நிறுத்திடுறாங்க. ஜெஃப்ரீஸ்னு ஒரு ஜட்ஜ், நெஜமாவே வாழ்ந்த ஆளு, வரிசையா தூக்குத் தண்டனை குடுத்தவரு. தூக்குல போடுறதை விட தீவுல இருக்குற தோட்டங்களுக்கு வித்தா காசு கிடைக்கும்னு கணக்குப் போட்டு ப்ளட்டையும் மத்தவங்களையும் கப்பல்ல ஏத்தி ஜமைக்காவுக்கு அனுப்பிடுறாங்க. நாவல்ல அது பார்படாஸ், படத்துல மாத்திட்டாங்க. ஹென்றி பிட்மன்னு ஒரு நெஜ டாக்டருக்கே இது நடந்திருக்கு, அந்தக் கலகத்துல அடிபட்டவங்களைப் பாத்ததுக்காக பார்படாஸுக்கு அனுப்பி, அங்கருந்து தப்பிச்சு வந்து 1689ல தன் கதையை எழுதி வெச்சிருக்காரு.

ஏலக் காட்சி வந்துச்சு. வெயில்ல வரிசையா ஆளுங்களை நிறுத்தி, தோட்டத் தொரைங்க ஒவ்வொருத்தரையா பாத்து வெலை சொல்றாங்க. ப்ளட் யாருக்கும் பணிய மாட்டேங்குறான், கடைசில தோட்டத் தொரை கர்னல் பிஷப்போட வீட்டுப் பொண்ணு அரபெல்லா பத்து பவுனுக்கு எடுத்துடுறா. உரல் சத்தம் நின்னுபோச்சு. திரும்பிப் பாத்தேன், அப்பாயி இடிகம்பியை கையில புடிச்சபடியே ஸ்கிரீனைப் பாத்துட்டு இருக்கு.

"இவன் என்ன தப்பு பண்ணான்னு சொன்ன?"

"காயம்பட்டவனுக்கு மருந்து போட்டான் அப்பாயி."

"அதுக்கா?"

கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் "எங்களையும் எண்ணித்தான பாப்பா அனுப்புனாங்க"ன்னுச்சு.

அப்பாயி பொறந்தது இலங்கையில அட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்துல, அதாவது கூலி ஆளுங்களுக்குக் கட்டுன வரிசை வீட்டுல. 1948ல அங்க தோட்டத்துத் தமிழங்களுக்கு குடியுரிமை போச்சு, 1964ல இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் அங்கயேன்னு பிரிச்சாங்க. பாடப் புத்தகத்துல ஒப்பந்தம்னு ஒரு வரியில முடிஞ்சுடும். தலைக்கணக்கு போட்டு ரெண்டு நாடு பங்கு பிரிச்சுக்கிட்டதுல ஒரு தலை எங்க அப்பாயி. காலையில வேலைக்கு ஆள் எண்ணுற பெரட்டுக் களத்துல நின்ன பழக்கம் இருக்குறதால, வரிசையில நிக்குற ஆளுங்களோட மூஞ்சியைப் பாத்ததுமே அதுக்குப் புரிஞ்சுடுச்சு, நான் கதை சொல்லவே தேவைப்படல. ஓடிப்போய் மாட்டுனவனுக்கு சூடு போடுற காட்சி வந்தப்ப மட்டும் "தள்ளி விடு"ன்னு சொல்லுச்சு.

ஒரு விஷயத்துல எனக்கு இந்தப் படத்து மேல கோவம் உண்டு. ஜமைக்கா கரும்புத் தோட்டங்கள்ல தலைமுறை தலைமுறையா அடிமையா செத்தவங்க ஆப்பிரிக்கர்கள், அவங்க கதை இங்க வரவே இல்ல, வெள்ளைக்காரன் அடிமையானா மட்டும்தான் நமக்கு மனசு துடிக்கணும்னு நெனச்சு எடுத்த மாதிரி இருக்கு. பிரிட்டிஷ்காரங்க 1833ல சட்டம் போட்டு அடிமை முறையை நிறுத்துனதும் அந்தத் தோட்டங்களுக்கு இங்கருந்து கூலி ஆளுங்களைக் கொண்டுபோனாங்க. இலங்கை மலைக்கு காப்பிக்கும் அப்புறம் தேயிலைக்கும் போனவங்களும் அதே காலத்து ஆளுங்கதான். ப்ளட் நின்ன களமும் எங்க ஆளுங்க நின்ன களமும் ரொம்ப தூரம் இல்ல.

அப்புறம் ஸ்பானிஷ்காரன் ஊரைத் தாக்க, அந்த சந்தடியில அவன் கப்பலையே அடிமைங்க புடிச்சு தப்பிக்கிற இடம் இருக்கே, அங்க இசையமைப்பாளர் கோர்ன்கோல்டோட ட்ரம்பெட் சத்தம் கெளம்பும் பாருங்க, உடம்பு சிலுத்துடும். மூணே வாரத்துல போட்ட இசை. நேரம் பத்தாம ஒரு இடத்துல பழைய இசைமேதை லிஸ்ட்டோட இசையை எடுத்துக்கிட்டதால டைட்டில்ல இசையமைப்புன்னு போட வேண்டாம், இசைத் தொகுப்புன்னு போடுங்கன்னு அவரே சொல்லியிருக்காரு. அந்த நேர்மை எனக்கு ரொம்பப் புடிச்சது. ஹீரோவா நடிக்க மொதல்ல பேசி வெச்சிருந்தது ராபர்ட் டோனட்டை, அவர் விலகுனதும் யாருக்கும் தெரியாத ஃப்ளின்னைப் போட்டாங்க. அரபெல்லாவா வர்ற ஒலிவியா டி ஹாவிலாண்டுக்கு அப்ப 19 வயசு.

முடிவுல ராஜா மாறி, புது ராஜா ப்ளட்டை மன்னிச்சு ஜமைக்காவுக்கே கவர்னர் ஆக்கிடுறாரு. தன்னை அடிமையா வெச்சிருந்த கர்னல் பிஷப் உள்ள வர்றப்ப கவர்னர் நாற்காலியில உக்காந்திருக்குறது ப்ளட்தான். நான் சந்தோஷமா சொல்லி முடிச்சேன்.

"அப்ப ஊருக்குப் போகலையா அவன்?"

"இல்ல அப்பாயி, அங்கயே இருந்துடுறான்."

நாவல் மொதல் பக்கத்துல ப்ளட் தன் வீட்டு ஜன்னல்ல வெச்ச ஜெரேனியம் செடிக்கு தண்ணி ஊத்திட்டு இருப்பான், படம் ஆரம்பிக்கிறப்ப அதைச் சொல்லியிருந்தேன், நம்ம வாசல்ல தகர டப்பாவுல இருக்கே அதே செடின்னு. அதை மறக்கல போல.

"செடிக்கு யாரு தண்ணி ஊத்துனா?"

எனக்கு பதில் தெரியல. அப்பாயி உரலை மடியில வெச்சுக்கிட்டு தானாவே சொல்லுச்சு. அட்டன்ல காம்பரா, அதான் லயத்து வீடு, அது வாசல்ல டேலியா பூச்செடி வெச்சிருந்துச்சாம், தண்ணி ஊத்தச் சொல்லி பக்கத்து காம்பராக்காரிகிட்ட சொல்லிட்டு, ரெண்டு கிழங்கை மட்டும் முந்தானையில முடிஞ்சுக்கிட்டு தலைமன்னார்ல கப்பல் ஏறுச்சாம். இங்க வந்து எறங்குனவங்களைத் தங்க வெச்ச மண்டபம் கேம்ப் வெயில்ல ரெண்டுமே காஞ்சு சுருங்கிப் போச்சாம்.